கர்ப்பகால சர்க்கரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம் போகலாமா? என் இரண்டாவது பிரசவ அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், இருந்தால் அதைக் கட்டுக்குள் வைப்பதற்கும் எங்கள் பக்கத்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். பிரசவம் வரைக்கும் அவர்கள் பார்த்துக்கொண்ட விதம் நன்றாக இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது. சாப்பாட்டு ஆலோசனையில் பெரிய குறை இருக்கிறது. குழந்தை பிறந்த பிறகு அம்மாவின் சர்க்கரையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இந்த இரண்டையும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அங்கே போகும் பெண்கள் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. முதல் குழந்தைக்கு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் பார்த்தோம். அங்கே சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னார்கள். காலையில் ஒரு வாய் காபி கூடக் குடிக்காமல் பஸ் ஏறி, ஒரு மணி நேரம் குலுங்கிக்கொண்டே போய், அங்கே வரிசையில் உட்கார்ந்து, மசக்கை வேறு சேர்ந்துகொண்டு, குளுக்கோஸ் தண்ணியைக் குடித்த கொஞ்ச நேரத்தில் அப்படியே வாந்தி. இன்னொரு நாள் வாருங்கள் என்றார்கள். அந்த இன்னொரு நாள் தள்ளித் தள்ளிப் போய் ஏழாம் மாதம் முடியும் நேரத்தில்தான் டெஸ்ட் எடுத்தார்கள். அப்போது சர்க்கரை இல்லை என்று வந்தது, அதனால் பிரச்சினை இல்லாமல் போயிற்று. இருந்திருந்தால் அத்தனை மாதமும் தெரியாமலேயே ஓடியிருக்கும்.

இரண்டாவது முறை எனக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது, அம்மாவுக்கும் சுகர் உண்டு. கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்து தரும் பிக்மி நம்பர் வாங்குவதற்காகக் கிராம சுகாதார செவிலியரைப் பார்க்கப் போனபோது அவரே, "இந்தச் செவ்வாய்க்கிழமை வந்துடும்மா, எல்லா டெஸ்டும் ஒரே நாள்ல முடிச்சிடலாம்" என்றார். வெறும் வயிற்றில் வர வேண்டுமா என்று கேட்டேன். "சாப்பிட்டுட்டே வா. இந்த டெஸ்டுக்கு அது தேவையில்ல" என்றார். எனக்கு நம்பிக்கையே வரவில்லை. சாப்பிட்டுவிட்டு எடுக்கும் டெஸ்ட் எப்படிச் சரியாக இருக்கும் என்று வீட்டில் எல்லோருமே கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் கூட்டம் அதிகம். எடை, பிரஷர், ரத்தத்தின் அளவு எல்லாம் பார்த்த பிறகு லேபில் 75 கிராம் குளுக்கோஸைச் சுமார் 300 மில்லி தண்ணீரில் கலக்கிக் கொடுத்தார்கள். ஐந்து பத்து நிமிடத்துக்குள் குடித்துவிட வேண்டும். திகட்டும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் காலையில் நாலு இட்லி சாப்பிட்டு வந்த வயிற்றில் அது தங்கியது. குடித்து முடித்த நேரத்தை லேப் தங்கை சீட்டில் எழுதிக் கையில் கொடுத்து, சரியாக இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு ரத்தம் எடுத்தார். அரை மணி நேரத்துக்குள் வாந்தி வந்துவிட்டால் அன்றைக்கு எடுக்காமல் மறுநாள் வரச் சொல்வார்கள், அரை மணிக்கு மேல் ஆகியிருந்தால் டெஸ்டைத் தொடரலாம் என்பதையும் முன்னாடியே சொல்லிவிட்டார். இடையில் ஒன்றும் சாப்பிடக் கூடாது. ரிசல்ட் 140 அல்லது அதற்கு மேல் வந்தால் கர்ப்பகால சர்க்கரை. எனக்கு 152 வந்தது.

இந்த ஒரே ஊசி டெஸ்டைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் "கவர்மென்ட்ல ஏதோ சும்மா எடுக்கறாங்க" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். இது நம் சென்னையிலிருந்து கிளம்பிய முறை. மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில் நீரிழிவுக்கென்று தனித் துறையைத் தொடங்கிய டாக்டர் வி. சேஷையாவும் அவருடன் இருந்தவர்களும் நம் பெண்களின் நிலைமையைப் பார்த்து வகுத்தது. தூரத்து ஊரிலிருந்து வருகிற பெண்ணை வெறும் வயிற்றில் வரச் சொன்னால் வரமாட்டாள், வந்தாலும் இரண்டாம் முறை வரமாட்டாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கர்ப்பிணிகள் எல்லோருக்கும் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2007ஆம் ஆண்டிலேயே முடிவெடுத்தது. பிறகு மத்திய அரசின் வழிகாட்டுதலிலும் இதே முறைதான் வந்தது. சேஷையாவுக்கு 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், அவர் பிறந்த மார்ச் 10ஆம் தேதியைத்தான் இந்தியாவில் கர்ப்பகால சர்க்கரை விழிப்புணர்வு நாளாக வைத்திருக்கிறார்கள். எங்கள் சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் இது தெரிய வேண்டும் என்று நான் நினைக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதால் மட்டம் என்று நினைத்துக்கொண்டு ரிசல்டை அலட்சியம் செய்கிறவர்களை நேரிலேயே பார்த்தேன்.

இந்த முறையில் விமர்சனமே இல்லையா என்றால், இருக்கிறது. வெறும் வயிற்றில் ஒன்று, குளுக்கோஸ் குடித்து ஒரு மணி நேரத்தில் ஒன்று, இரண்டு மணி நேரத்தில் ஒன்று என்று மூன்று முறை ரத்தம் எடுக்கும் முறையை உலகின் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். அதில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணியில் 180, இரண்டு மணியில் 153, இதில் எந்த ஒன்றைத் தொட்டாலும் சர்க்கரை என்று வைத்துக்கொள்வார்கள். அதோடு ஒப்பிட்டால் ஒரே ஊசி டெஸ்ட் சிலரைத் தவறவிடுகிறது என்று சொல்லும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். இன்னொன்று, கர்ப்பம் வளர வளரச் சர்க்கரை புதிதாக வரலாம் என்பதால், முதல் டெஸ்டில் இல்லை என்று வந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி எடுக்கிறார்கள். அந்த இரண்டாவது டெஸ்டை யாரும் விட்டுவிடாதீர்கள். "போன தடவையே நார்மல்னு சொல்லிட்டாங்க" என்று என் பக்கத்தில் இருந்த பெண் கிளம்பப் பார்த்தாள், நர்ஸம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மாதிரி ஆள் இருப்பதுதான் இந்த இடத்தின் பலம்.

வசதி என்று பார்த்தால் சுமார். இரண்டு மணி நேரம் உட்காருவதற்குச் சாய்மானம் இல்லாத பெஞ்ச். ஃபேன் இருந்தது. கழிப்பறை ஒன்றுதான், அதுவும் கூட்ட நாளில் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கர்ப்பிணிகளுக்கு அடிக்கடி சிறுநீர் வரும், சர்க்கரை இருந்தால் இன்னும் அதிகம் வரலாம். இதை மட்டும் சரி செய்தால் போதும், மற்றதைப் பொறுத்துக்கொள்ளலாம். குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், டெஸ்ட் முடிந்ததும் சாப்பிட ஏதாவது பையில் இருக்கட்டும்.

ரிசல்டைப் பார்த்ததும் நான் அழுதுவிட்டேன். அந்த நேரத்தில் அங்கே இருந்த டாக்டரம்மா, நிறையப் பேர் காத்திருந்தும், என்னை உட்கார வைத்து விளக்கினார். இது நான் இனிப்பு சாப்பிட்டதால் வந்ததில்லை. கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரக்கிறது. குழந்தைக்குச் சத்து போய்ச் சேருவதற்காக அவை அம்மாவின் உடம்பில் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது நடக்கும். கர்ப்பகாலத்தில் பாதி தாண்டியதும் இன்னும் கூடும். சிலருடைய கணையம் அதற்கு ஈடாக இன்சுலினைக் கூட்டிச் சுரந்துவிடும், சிலருடையதால் முடியாது, அவ்வளவுதான். அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், ஆனால் அம்மாவின் இன்சுலின் போகாது. அதனால் குழந்தை தன் உடம்பிலேயே இன்சுலினைக் கூட்டிச் சுரந்து, வந்த சர்க்கரையைக் கொழுப்பாகச் சேர்த்துக்கொண்டு பெருக்கும். பெரிய குழந்தை என்றால் பிரசவம் கஷ்டம். பிறந்த பிறகோ, அம்மாவிடமிருந்து வந்த சர்க்கரை திடீரென்று நின்றுவிட, குழந்தையின் உடம்பில் இன்சுலின் மட்டும் அதிகமாக இருக்க, அதன் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். இத்தனையையும் அவர் ஒரு பேப்பரில் படம் போட்டுக் காட்டினார். பணம் கட்டிப் பார்த்த ஆஸ்பத்திரியில் முதல் பிரசவத்தின்போது எனக்கு இவ்வளவு விளக்கம் கிடைக்கவில்லை. என் மாமியாரும் கூடவே இருந்து கேட்டார் என்பது எனக்குப் பெரிய உதவி, அதன் பிறகு வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

இனி குறைக்கு வருகிறேன். சாப்பாடு.

கையில் ஒரு அச்சடித்த தாள் கொடுத்தார்கள். இனிப்பு, சர்க்கரை, வெல்லம், தேன், குளிர்பானம், ஜூஸ், கிழங்கு தவிர்க்கவும். கீரை, காய், பயறு, முட்டை, மீன் சேர்க்கவும். மூன்று வேளையாக இல்லாமல் பிரித்துப் பிரித்துச் சாப்பிடவும். எல்லாம் சரியான விஷயம்தான். ஆனால் எங்கள் வீட்டில் இனிப்பு யார் தினமும் சாப்பிடுகிறார்கள்? எங்கள் சர்க்கரை சோற்றில்தான் இருக்கிறது. காலையில் இட்லியோ தோசையோ, மத்தியானம் குவித்து வைத்த சோறு, சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை, ராத்திரி மறுபடி மிச்ச சோறு. டெல்டாக்காரர்களுக்குச் சோற்றைக் குறை என்று சொன்னால் பட்டினி கிட என்று சொன்னதாகத்தான் காதில் விழும். அதுவும் வயிற்றுப் பிள்ளைக்காரியிடம். அந்தத் தாளில் சோறு எவ்வளவு என்ற அளவு இல்லை. எந்தக் கிண்ணத்தால் அளப்பது, எந்த வேளைக்கு எவ்வளவு, சோற்றுக்குப் பதில் என்ன என்ற விவரம்தான் ஒருத்திக்கு வேண்டியது. அதைச் சொல்ல அங்கே தனியாக ஆள் இல்லை, நர்ஸம்மாவுக்கு நேரமும் இல்லை.

அதனால் நானே வீட்டில் ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஒரு மீட்டர் வாங்கி, சாப்பிட்டுச் சாப்பிட்டுப் பார்த்தேன். இலக்கு இவை: காலையில் வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, அல்லது இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே. என் உடம்பில் நான் கண்டது இது, உங்களுக்கு மாறலாம். மூன்று இட்லியை வெறும் தேங்காய்ச் சட்னியோடு சாப்பிட்டால் எண் ஏறியது. இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் நிறைய காய் போட்ட சாம்பார், ஒரு அவித்த முட்டை என்றால் அடங்கியது. சுகருக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் கேழ்வரகுக் கஞ்சி எனக்குத் தோசையை விட மோசமாக ஏற்றியது. நைசாக அரைத்த மாவைத் தண்ணியாகக் காய்ச்சிக் குடித்தால் அது சீக்கிரமே ரத்தத்தில் கலந்துவிடுகிறது. அதே கேழ்வரகைக் கீரை போட்டு அடையாகச் சுட்டு, கூடவே சுண்டல் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. மத்தியானம் சோறு ஒரு சின்னக் கிண்ணம், அதைப் போல இரண்டு மடங்கு கூட்டு, பொரியல், கூடவே மீன் குழம்பு அல்லது பருப்பு. முதலில் காயையும் மீனையும் சாப்பிட்டு, கடைசியில் சோற்றுக்கு வந்தால் எண் இன்னும் குறைவாக இருந்தது. சாப்பிட்டு முடித்ததும் வாசலிலேயே கால் மணி நேரம் நடந்தேன், அந்தச் சின்ன நடைக்கும் நல்ல பலன் தெரிந்தது.

ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர் சர்க்கரை போடாத பாலோ, ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கட்டாயம். சர்க்கரை ஏறிவிடும் என்று பயந்து ராத்திரி பட்டினியாகப் படுக்கும் பெண்களை எனக்குத் தெரியும். அது தப்பு. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற பொருளை உண்டாக்கும், அது கர்ப்பத்துக்கு நல்லதில்லை. இந்த நோய்க்குப் பட்டினி மருந்தே இல்லை, குழந்தை வளர வேண்டும்.

முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டி கிடைக்கிறது. சத்து மாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், ஆவின் நெய், பிஸ்கட் எல்லாம் இருக்கும். பொதுவாகக் கர்ப்பிணிகளுக்கு மிக நல்ல பெட்டி அது, ரத்தசோகை உள்ள எத்தனையோ பெண்களுக்கு உதவுகிறது. ஆனால் சர்க்கரை உள்ளவர்கள் சத்து மாவையும் பேரீச்சையையும் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சாப்பிடுங்கள். டானிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் பேரீச்சையை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டேன். வளைகாப்பு அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கல், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று வரிசையாக வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரு வாய் மட்டும் எடுத்துக்கொண்டேன், பெரியவர்கள் யாருக்கும் மனக்கஷ்டமும் இல்லை.

மீட்டரைப் பற்றி ஒரு பத்தி. சுகாதார நிலையத்தில் போகும் நாளில் இலவசமாகப் பார்ப்பார்கள், ஆனால் தினமும் வீட்டில் பார்க்க ஸ்ட்ரிப் செலவு நம்முடையது. ஐம்பது ஸ்ட்ரிப் பெட்டி எனக்கு ஆயிரம் ரூபாய் வாக்கில் ஆயிற்று. கூலி வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு இது கட்டுப்படியாகாது. கர்ப்பிணிகளுக்கு ஸ்ட்ரிப்பையும் அரசே கொடுத்தால் அது மருந்து கொடுப்பதற்குச் சமமான உதவி என்பது என் உறுதியான கருத்து. வாங்க முடிந்தவர்கள் இதைக் கவனியுங்கள்: கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரமில்லாமல் துடைத்துவிட்டுக் குத்துங்கள், பழம் உரித்த கையோடு குத்தினால் எண் தாறுமாறாக ஏறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஸ்ட்ரிப் டப்பாவை உடனே மூடிவிடுங்கள், காற்றில் ஈரம் அதிகமான நம் ஊரில் ஸ்ட்ரிப் சீக்கிரம் கெட்டுப்போகும். மீட்டர் காட்டும் எண்ணும் லேப் எண்ணும் அச்சாக ஒன்றாக இருக்காது, பதினைந்து சதவீதம் வரை முன்னே பின்னே இருப்பது தர விதிகளே அனுமதிப்பதுதான். ரத்தசோகை இருந்தால் மீட்டர் கொஞ்சம் கூட்டிக் காட்டக்கூடும், அதனால் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்லுங்கள். ஒரு நாள் எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம். எல்லா எண்ணையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள், எங்கள் டாக்டரம்மா அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தார்.

சாப்பாடு, நடை என்று இரண்டு வாரம் விட்டுப் பார்த்து, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120க்குக் கீழே வந்துவிட்டால் அப்படியே தொடரச் சொல்வார்கள். நிறையப் பேருக்கு அதுவே போதுமாக இருக்கும். வராவிட்டால் மெட்ஃபார்மின் மாத்திரையோ இன்சுலினோ, எது என்று டாக்டர் முடிவு செய்வார். எனக்கு முதலில் சாப்பாட்டிலேயே அடங்கியது, ஏழாம் மாதத்தில் நான் என்ன செய்தும் காலை எண் இறங்கவில்லை, இன்சுலின் ஆரம்பித்தார்கள். ஊசி என்றதும் பயம் இருக்கத்தான் செய்யும். இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போவதில்லை, பிரசவத்தோடு பெரும்பாலும் நின்றும் போகும், ஒரு தடவை போட்டால் வாழ்நாள் முழுக்க என்பது இந்த விஷயத்தில் உண்மையில்லை. ஊசி போட நர்ஸம்மா கற்றுக்கொடுத்த விதத்துக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். என் கையாலேயே போட வைத்து, தொடையில் ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போடச் சொல்லி, சரியாக வரும் வரைக்கும் விடவில்லை.

அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்றை இங்கே எழுதியே ஆக வேண்டும். இன்சுலின் பாட்டிலில் 40 என்று போட்டது உண்டு, 100 என்று போட்டதும் உண்டு. 40 பாட்டிலுக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100 பாட்டிலுக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். எனக்குக் கொடுத்தது 40. சிரிஞ்ச் தீர்ந்துபோய் மெடிக்கலில் வாங்கும்போது கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் வாங்கிவிடாமல், பாட்டிலைக் காட்டி வாங்குங்கள். மாறிப்போனால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடும், அல்லது பாதிக்கும் கீழே போய்விடும். பாட்டிலை ஃபிரிட்ஜ் கதவில் வைக்க வேண்டும், ஐஸ் பெட்டியில் வைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் ஒரு டப்பாவில் தண்ணீர் படாமல் வைக்கலாம். சர்க்கரை 70க்குக் கீழே போனால் வியர்க்கும், கை நடுங்கும், படபடக்கும், கண் மங்கும். அந்த நேரத்தில் யோசிக்கவே வேண்டாம், மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் அல்லது சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு உட்காருங்கள், கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள், தெளியவில்லை என்றால் 108க்குக் கூப்பிடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும், நீங்கள் மட்டும் தெரிந்து வைத்திருந்தால் போதாது.

இன்சுலின் போடும் பெண்களுக்குச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்ப்பதில்லை, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சிலருக்கு இதில் வருத்தம், இவ்வளவு நாள் பார்த்தவர்கள் கடைசியில் கைவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கு அது சரியான முடிவாகத்தான் படுகிறது. குழந்தை பெரிதாக இருந்தால் ஆபரேஷன் வசதி வேண்டும், பிறந்ததும் குழந்தை டாக்டர் அருகில் இருக்க வேண்டும். கடைசி மாதங்களில் குழந்தையின் வளர்ச்சியையும் பனிக்குட நீரையும் பார்க்க ஸ்கேன் எடுத்தார்கள், தினமும் குழந்தை அசைவதைக் கவனித்து, குறைந்தால் உடனே வரச் சொன்னார்கள். குறை என்று சொன்னால், இரண்டு இடத்துக்கும் நடுவில் நம் கையில் இருக்கும் அட்டைதான் பேசுகிறது. தாய் சேய் அட்டை, லேப் சீட்டு, சர்க்கரை நோட்டு, ஸ்கேன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ஆஸ்பத்திரியில் ராத்திரி பணியில் இருந்த டாக்டர் என் நோட்டைப் பார்த்துத்தான் இன்சுலின் அளவைத் தெரிந்துகொண்டார்.

பையன் மூன்று கிலோ சொச்சம், சுகப்பிரசவம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வைத்தார்கள், இது எல்லாக் குழந்தைக்கும் நல்லது, சர்க்கரை உள்ள அம்மாவின் குழந்தைக்கு ரொம்பவே முக்கியம், ஏனென்றால் முன்னே சொன்ன மாதிரி அதன் சர்க்கரை இறங்கிவிடலாம். குதிகாலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அவ்வப்போது பார்த்தார்கள். சின்னக் காலைக் குத்துகிறார்களே என்று என் அம்மாவுக்குத் தாங்கவில்லை. அதைத் தடுக்காதீர்கள், கேட்டாவது எடுக்க வையுங்கள்.

அதன் பிறகு வருகிற ஓட்டையைத்தான் நான் ஆரம்பத்தில் சொன்னேன். பிரசவம் முடிந்து நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலானவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும், ஊசியை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் குழந்தைக்குத் திரும்பிவிடுவார்கள், நாமும்தான். ஆனால் கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிரந்தர சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு அதிகம். அதனால் ஆறாவது வாரத்தில் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கர்ப்பமாக இருந்தபோது ஒரு செவ்வாய் வராவிட்டால் வீடு தேடி வந்தவர்கள், இதற்கு ஒரு போன் கூடப் போடவில்லை. அவர்களுக்கு அடுத்த கர்ப்பிணிகள் வரிசையில் நிற்கிறார்கள் என்பது புரிகிறது, இருந்தாலும் இவ்வளவு நல்ல வேலையைச் செய்துவிட்டு இந்த இடத்தில் விடுவது எனக்கு ரொம்ப வருத்தம். தடுப்பூசிக்கு வராத குழந்தையைத் தேடுகிற மாதிரி, டெஸ்டுக்கு வராத அம்மாவையும் தேட வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. குழந்தைக்கு ஆறாவது வாரத் தடுப்பூசி போட எப்படியும் அங்கே போவோம், எங்கள் பக்கம் புதன்கிழமை. முந்தின நாளே நர்ஸம்மாவிடம் சொல்லிவைத்துவிட்டு, அன்றைக்குக் காலை சாப்பிடாமல் போங்கள், இந்த டெஸ்டுக்கு மட்டும் வெறும் வயிறு வேண்டும். முதலில் ஒரு ரத்தம், குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் ஒன்று. வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணியில் 200 தொட்டால் சர்க்கரை நோய், இரண்டு மணியில் 140க்கும் 200க்கும் நடுவில் இருந்தால் எல்லைக்கோடு. நான் கேட்டதும் மறுப்புச் சொல்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள், பணமும் வாங்கவில்லை. எனக்கு நார்மல் என்று வந்தது. வருடத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்துக்கொள்ளச் சொல்லி அட்டையின் பின்பக்கத்தில் நர்ஸம்மா அடுத்த தேதியை எழுதிக் கொடுத்தார், அதுவும் நான் கேட்ட பிறகுதான். நீங்களும் கேளுங்கள்.